தந்தை அல்லது கணவர் பெயர்

ஊஞ்சக்காட்டூர் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் காலைப் பால் ஐந்து மணிக்கு எடுக்கத் தொடங்கி ஆறு மணிக்கு நிறுத்திவிடுவோம். ஆறு ஆனதும் கதவைச் சாத்த வேண்டும் என்பது இயக்குநர் குழுவின் தீர்மானம். நான் சங்கத்தின் செயலாளர். பெயர் வேலுமணி, ஊர் சேந்தமங்கலம். குழு சாத்தச் சொன்னால் சாத்துவேன், திறக்கச் சொன்னால் திறப்பேன்.

இந்த ஆறு மணிக்கு ஒரு காரணம் இருந்தது. 1979இல் சங்கம் தொடங்கியபோது மாவட்டப் பால் ஒன்றியத்தின் வேன் காலை ஆறேகாலுக்கு வந்து பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு ஏற்ப வைத்த நேரம் அது. அடுத்த வருடமே வேனின் தடம் மாறி, ஏழேகாலுக்கு வர ஆரம்பித்தது. சங்கத்தின் நேரத்தை யாரும் மாற்றவில்லை. தினமும் ஒன்றேகால் மணி நேரம் பால் கேன்களும் நானும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

1982 ஆவணியில் ஒரு புதன்கிழமை. மணி ஆறு ஐந்து. சாத்திய கதவுக்கு வெளியே பதினொரு பெண்கள் பால் போசியும் கையுமாக நின்றார்கள். முன்னால் நின்றவர் பாவாயி. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு எருமையும் ஒரு மாடும் வைத்திருந்தார். தண்ணீர் கலக்காத பால் என்று பால்மானி வைக்காமலே சொல்லிவிடலாம்.

"ஏனுங் செகட்ரி, கதவைத் தொறங்க. அஞ்சு நிமிசந்தானே?"

"ஆறுன்னா ஆறுதானுங்க. தீர்மானம் அப்பிடி."

"எருமைக்குத் தீர்மானம் தெரியாதுங்களே. கன்னை ஊட்ட உட்டு, மடி எறங்கி, அப்பறந்தான் அது பாலைக் குடுக்கும். மணி ஆச்சுன்னு அவசரமா உக்காந்தா காலை ஒதறிப்போட்டுப் போயிரும். நீங்க வேணும்னா ஒரு நாளைக்கு வந்து கறந்து பாருங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து சங்கத் தலைவர் மருதாசலம் அந்த வழியாக வந்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி இரண்டு வைத்திருப்பவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையில் ஊரை ஒரு சுற்று நடப்பது அவர் வழக்கம்.

"என்ன அம்மணி, காலங்காத்தால கூட்டம் போட்டிருக்கறீங்க?"

பாவாயி சொன்னார். வேன் ஏழேகாலுக்குத்தான் வருகிறது, முக்கால் மணி நேரம் கூட்டிக்கொடுத்தால் ஒருவர் பாலும் திரும்பிப் போகாது என்று கணக்காகச் சொன்னார். மருதாசலம் பாதி கேட்டார்.

"நேரத்தை மாத்தறது போர்டு வேலை அம்மணி. வாசல்ல நின்னு சத்தம் போட்டா ஆகுமா? வேணும்னா போர்டுல வந்து சொல்லு."

"எப்பங்க வரோணும்?"

அவர் உரக்கச் சிரித்தார். "எப்பவா? எலக்சன் வருதல்ல. நின்னு ஜெயிச்சுட்டு வா."

"செரிங்க," என்றார் பாவாயி. "வாரேன்."

போசியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். விடைபெற்றுக்கொண்டு போகிறார் என்றுதான் தலைவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினெட்டு நாள் கழித்துத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஒன்பது இயக்குநர் இடங்கள். வேட்புமனு வாங்கும் கடைசி நாளில் பாவாயி சங்கத்துக்கு வந்து மேசைமேல் ஒரு மனுவை வைத்தார். முன்மொழிந்தவர் சென்னியம்மாள், வழிமொழிந்தவர் முத்தாயம்மாள். படிவத்தைப் பாவாயியின் கணவரே நிரப்பியிருந்தார். அழகான எழுத்து. கையெழுத்து மட்டும் பாவாயி போட்டது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

மொத்தம் பதினான்கு பேர் மனுக் கொடுத்திருந்தார்கள். பெண் ஒருவர்தான்.

மருதாசலம் மனுக்களைப் புரட்டிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சங்கத்தில் உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பெண்கள் எண்பத்தொன்று. இதுவரை அவர்கள் வீட்டு ஆண்கள் சொன்ன இடத்தில் ஓட்டுப் போட்டவர்கள். அவர் அன்றைக்குத்தான் அந்த எண்பத்தொன்றை எண்ணியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த சின்னுசாமியைப் பார்த்தார். சின்னுசாமி பழைய இயக்குநர், இந்த முறையும் நிற்கிறார். சங்கத்தின் துணைவிதிகளை எண் போட்டுச் சொல்லக்கூடியவர்.

"அந்த மெம்பர் ரிஜிஸ்டரைக் கொஞ்சம் எடுங்க தம்பி," என்றார் சின்னுசாமி.

எடுத்துக் கொடுத்தேன். பாவாயியின் பக்கத்தைத் திருப்பி ஒரு நிமிடம் பார்த்தார். மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனுக்களைப் பரிசீலிக்கும் நாள் வந்தது. தேர்தல் அதிகாரி அப்துல் கரீம் சேலம் சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். நிதானமான மனிதர். பேனாவுக்கு மை போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். உள்ளே ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் முப்பது பேர்வரை வாசலிலும் ஜன்னலோரமும் நின்றார்கள். காட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

பாவாயியின் மனு எடுக்கப்பட்டதும் சின்னுசாமி எழுந்தார்.

"ஆட்சேபணைங்க. மனுவுல பாவாயி, கணவர் பெயர் அர்த்தநாரி, உறுப்பினர் எண் நாப்பத்தேழுன்னு இருக்குது. ரிஜிஸ்டர்ல நாப்பத்தேழாம் நெம்பரு பாவாயி, கணவர் பெயர் செங்கோட்டுவேலன். அது வேற பொம்பளை, இது வேற பொம்பளை. இவங்க மெம்பரே இல்லீங்க. மனுவைத் தள்ளுபடி செய்யோணும்."

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். அப்படித்தான் இருந்தது.

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங் மேக்காட்டுக்காரரே, ஆருங்க அந்த வேலன்? எங்களுக்குத் தெரியாம உங்கூட்டுல இன்னொருத்தரு?"

மேக்காட்டுக்காரர் என்றால் பாவாயியின் கணவர். மேற்குக் காடு அவருடையது. ஊரில் அந்தப் பெயரால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "எனக்கே இப்பத்தானுங்க தெரியுது. ஆளு வந்தா சொல்லுங்க, சாணி அள்ளறதுக்கு ஒருத்தரு வேணும்."

இப்போது ஜன்னலோரம் சிரித்தது. ஆனால் பாவாயி சிரிக்கவில்லை. அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேனா 'தள்ளுபடி' என்று எழுதினால் இன்னும் மூன்று வருடத்துக்குக் கதவு ஆறு மணிக்குச் சாத்தும். அவர் வாசலில் நின்று பேச வேண்டியதுதான்.

எனக்கு மட்டும் அந்த வேலன் யார் என்று தெரிந்திருந்தது. அவரைப் பிறப்பித்தவன் நான்தான்.

1979 ஆடியில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பால் ஊற்றுகிறவர்கள் தாங்களே உறுப்பினராக வேண்டும் என்று ஒன்றியம் சொல்லிவிட்டது. ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பதிந்தேன். ஆண்களிடம் தகப்பனார் பெயர் கேட்டேன், சொன்னார்கள். பெண்களிடம் கணவர் பெயர் கேட்டேன், வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கட்டியவன் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது வழக்கம். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆகவே ஜாடை கேட்டேன். ஒருவர் வானத்தைக் காட்டினார், ஒருவர் கிழமையைச் சொன்னார். பாவாயி, "திருச்செங்கோட்டு மலைமேல இருக்கற சாமி பேருதானுங்க" என்றார். அந்த மலையில் அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார், செங்கோட்டு வேலவரும் இருக்கிறார். என் பெயர் வேலுமணி. எனக்கு வேலவர்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தார். வரிசை நீளமாக நின்றது. எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். மேக்காட்டுக்காரரின் உண்மைப் பெயரை இந்த மனு வரும்வரை யாரும் என் காதில் போட்டதில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மேசைக்குத் திருப்பினார். பேசாமல் இரு என்று அதற்கு அர்த்தம். எனக்குச் சம்பளம் கொடுக்கும் தீர்மானத்திலும் அவர் கையெழுத்துத்தான் இருக்கிறது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"சார், அந்தப் பேரு என் தப்பு. அவங்க ஜாடையாச் சொன்னதை நானா ஊகிச்சு எழுதிட்டேன்."

"தப்போ செரியோ, எழுதுனது எழுதுனதுதானே?" என்றார் சின்னுசாமி. "வாக்காளர் பட்டியல் ஒட்டுன பொறகு ரிஜிஸ்டரைத் திருத்தக்கூடாதுன்னு விதி இருக்குதுங்களா இல்லீங்களா?"

"இருக்கு," என்றார் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நான் யார் சொல்றதையும் வச்சு எழுத முடியாது. உங்க வீட்டுக்காரர் பேர் என்னன்னு நீங்களே சொல்லுங்க."

ஜன்னலோரத்தில் பாவாயியின் மாமியார் வழியில் ஒரு அம்மாள், "அய்யோ, அதையெல்லாம் கேப்பாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார்.

பாவாயி ஒரு முறை கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையை ஆட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"அர்த்தநாரீங்க," என்றார் பாவாயி.

சென்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "சொல்லிப்போட்டாளே!" என்று யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பாவாயி அந்தப் பக்கம் திரும்பினார். "ஏன், என்ன ஆயிப்போச்சு? ஒரு நாளைக்கு நூறு தடவை அவரு எம் பேரைச் சொல்லிக் கூப்புடறாரு. எனக்கு ஆயுசு கொறையலை. நான் ஒருக்காச் சொன்னதுல அவருக்கும் கொறையாது."

"நல்லாச் சொன்னீங்க," என்று சின்னுசாமி கையைத் தட்டினார். "சார், கேட்டுக்குங்க. அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. செங்கோட்டுவேலன் இல்லீன்னு."

அதிகாரிக்கு இந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. பாவாயியிடம் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார். "அம்மா, ஒரு வழி இருக்கு. சில பேருக்கு ரெண்டு பேர் இருக்கும். உங்க வீட்டுக்காரரை வேலன்னும் கூப்பிடுவாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, 'அர்த்தநாரி என்கிற செங்கோட்டுவேலன்'னு போட்டு முடிச்சுடலாம்."

எனக்கு மூச்சு வந்தது. நான் தப்பித்தேன், பாவாயியும் தப்பித்தார் என்று நினைத்தேன்.

"வேண்டாமுங்க," என்றார் பாவாயி.

"ஏன்மா?"

"இல்லாத மனுசனை ஒருத்தரை எதுக்குங்க எங்கூட்டுக்குக் கூட்டியாரது? இன்னைக்கு இந்த 'என்கிற'வைப் போட்டுட்டு நான் உள்ள வந்துருவேன். நாளைக்கு சென்னியம்மா நிக்கும். அதுக்கு என்ன போடுவீங்க? அன்னைக்கு நாங்க எல்லாருமே ஜாடைதானுங்க சொன்னோம். செகட்ரி என்னென்ன எழுதிவெச்சிருக்கறாரோ ஆருக்குத் தெரியும்? அந்தப் புஸ்தகத்துல பொம்பளைக பேரை எல்லாம் ஒருக்காப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"அது எதுக்கு இப்ப? இந்த மனுவைப் பத்தித்தானே பேச்சு?" என்றார் சின்னுசாமி.

"படிங்க," என்றார் அதிகாரி என்னிடம்.

படித்தேன். என் எழுத்தை நானே உரக்கப் படிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"உறுப்பினர் எண் பன்னிரண்டு. சென்னியம்மாள். கணவர் பெயர் பழனியாண்டி."

"ஆருங்க அது?" என்றார் சென்னியம்மாள். "பழனி மலையில தடியோட நிக்கறவருன்னு சொன்னனே. தடின்னா தண்டம். தண்டத்துல இருந்து பேரைப் புடிக்க வேண்டாமா சாமி?"

"தண்டபாணி சம்சாரம் அது!" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"முப்பத்தொன்று. முத்தாயம்மாள். கணவர் பெயர் வெள்ளியங்கிரி."

"சிவன் குடியிருக்கற மலைன்னேன். கைலா…" முத்தாயம்மாள் பாதியில் நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கணவர் கைலாசம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "முழுசாச் சொல்லு, பரவால்லே," என்றார் அவர். கூடமே சிரித்தது.

ஐம்பதைத் தாண்டும்போது ஆண்களின் சிரிப்பு குறைந்துபோயிருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு எண் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். சிலருடைய பெயர் சரியாக வந்தது. வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அறுபத்து மூன்று. பாப்பாயி. கணவர் பெயர் சின்னத்தம்பி."

ஜன்னலோரத்தில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தார். சின்னுசாமியின் மனைவி பாப்பாயிதான் அவர்.

"பேரு சின்னதுல ஆரம்பிக்கும்னு சொன்னேன். மிச்சத்தை அந்தத் தம்பியே போட்டுக்கிச்சாட்ட இருக்குது. மூணு வருசமா நான் ஆரூட்டுக்காரின்னு எனக்கே தெரியலை பாருங்க!"

அதிகாரி மனுக்கள் இருந்த கட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டி ஒன்றை வெளியே எடுத்தார்.

"சின்னுசாமி, உங்க மனுவை வழிமொழிஞ்சது யாரு?"

சின்னுசாமி ஜன்னல் பக்கம் திரும்பினார். அதிகாரியே சொன்னார்.

"உறுப்பினர் எண் அறுபத்து மூணு, பாப்பாயி, கணவர் பெயர் சின்னுசாமின்னு போட்டிருக்கு. உங்க ஆட்சேபணையை நான் ஏத்துக்கிட்டா அறுபத்து மூணும் வேற பொம்பளை ஆயிடுவாங்க. உங்க மனுதான் முதல்ல போகும்."

"நாந்தானுங்க ரேகை வெச்சேன்!" என்றார் பாப்பாயி, கட்டை விரலை உயர்த்திக் காட்டி. "வேற ஆரும் வெக்கலை. இந்த வெரலுதான்."

"ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேனுங்க," என்றார் சின்னுசாமி. உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

முடிந்தது என்று எல்லோரும் எழுந்தார்கள். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீங்க வாபஸ் வாங்கினாலும் நான் காரணம் எழுதணும். பேர் ஒத்துவரலைங்கறது என் கண்ணு முன்னாடி இருக்கு. எதை வச்சு ஏத்துக்கிட்டேன்னு மேல கேட்டா என்ன சொல்றது?"

பாவாயி மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க சார், அந்தப் புஸ்தகத்துல எம் பேருக்கு நேரா ஒரு கையெழுத்து இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அது நான் போட்டது. இந்த மனுவுல இருக்கறதும் நான் போட்டது. ரெண்டையும் வெச்சுப் பாருங்க. எம் பேரு எந்த எடத்துலயும் தப்பா இல்லீங்க. அதை நானே எழுதுனேன். தப்பா இருக்கறது இன்னொருத்தரு பேரு. அதை இன்னொருத்தரு எழுதுனாரு. அதுக்கு நான் எப்பிடீங்க வேற பொம்பளை ஆவேன்?"

அதிகாரி இரண்டு கையெழுத்தையும் பக்கம் பக்கமாக வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'வா'வின் கால் நீண்டு அடுத்த எழுத்தில் போய் முட்டும். இரண்டிலும் முட்டியிருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். உறுப்பினரை அடையாளம் காட்டுவது உறுப்பினர் எண்ணும் அவருடைய கையொப்பமும் ரேகையுமே. கணவர் பெயரில் உள்ள பிழை செயலாளர் செய்தது. அது உறுப்பினரின் உரிமையைப் பாதிக்காது. வேட்புமனு ஏற்கப்படுகிறது.

அடுத்த தாளில் எனக்கு ஒரு மெமோ எழுதினார். அதையும் அங்கேயே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

எண்ணிப் பார்த்ததில் எண்பத்தொரு பெண்களில் முப்பத்து நான்கு பேருக்கு நான் வேறு கணவர்களைக் கொடுத்திருந்தேன். தேர்தல் முடிந்ததும் எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்று அதிகாரி உத்தரவிட்டார்.

"திருத்தறப்ப மறுபடியும் ஜாடைதான் சொல்லுவாங்க," என்றேன். "மறுபடியும் தப்பு வரும் சார்."

"அந்தக் கட்டத்துக்கு மேல என்ன அச்சடிச்சிருக்குது? படிங்க," என்றார் பாவாயி.

மூன்று வருடமாக என் கண் முன்னால் இருந்த வரியை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். "தந்தை அல்லது கணவர் பெயர்."

"அல்லதுன்னா?"

"ரெண்டுல ஒண்ணு."

"எங்கப்பன் பேரு குப்பண்ணன். சந்தையில நின்னு வேணும்னாலும் சொல்லுவேன். ஆம்பளைகளுக்கு எல்லாம் அப்பன் பேரைக் கேட்டு எழுதுன நீங்க எங்களுக்கு மட்டும் ஏன் கேக்கலை? எங்களையும் ஒரு அப்பன்தானே பெத்தான்?"

விதியில் அப்படி இல்லை. படிவத்திலும் இல்லை. யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. பெண்களுக்கு மட்டும் 'தந்தை'யை நானாகவே அடித்துவிட்டிருந்தேன்.

"அப்ப என்னைய வெட்டிப்போட்டயா?" என்று வாசலிலிருந்து அர்த்தநாரி கேட்டார்.

"உங்களை ரேசன் கார்டுல வெச்சிருக்கறமுங்க, அது போதும்," என்றார் பாவாயி.

திருத்தத்தைப் பிற்பாடு ஐப்பசியில் நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். முப்பத்து நான்கு பேரில் இருபத்தாறு பேர் தகப்பனார் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆறு பேர் கணவர் பெயரையே வெளிப்படையாகச் சொன்னார்கள். இரண்டு பேர் பழையபடி ஜாடை சொன்னார்கள். அவர்கள் விருப்பம். இந்த முறை அவர்கள் வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். ஏற்கெனவே சரியாக இருந்தவர்களிலும் பத்துப் பதினைந்து பேர் வந்து, "எங்கப்பன் பேரையும் பக்கத்துல போடுங்க சாமி, எடம் இருக்குதல்ல?" என்றார்கள். இடம் இருந்தது.

அதற்கு முன்பே தேர்தல் நடந்து முடிந்திருந்தது. அன்றைக்கு மருதாசலம் தன் ஆட்களை வேப்பமரத்தடியில் நிறுத்தி, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்பது பெயர் அச்சடித்த சீட்டைக் கொடுத்தார். பாவாயியிடம் சீட்டு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருந்தார். எத்தனை மணிக்குக் கன்றை அவிழ்க்கிறீர்கள், எத்தனை மணிக்குக் கதவு சாத்துகிறது என்று இரண்டே கேள்விதான் கேட்டாராம். ஆண்கள் இருந்த வீட்டில் ஆண்களிடமும் அதையே கேட்டார். சிலருக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கேட்டார்கள்.

வாக்கு எண்ணியபோது பாவாயிக்கு நூற்றுப் பத்தொன்பது. ஒன்பது பேரில் நான்காவது. மருதாசலம் முதலாவதாக வந்து மறுபடியும் தலைவரானார். சின்னுசாமி இரண்டு ஓட்டில் தப்பி ஒன்பதாவதாக வந்தார். அந்த இரண்டில் ஒன்று தன்னுடையது என்று பாப்பாயி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மீதி எட்டு ஓட்டை யார் யாருக்குப் போட்டார் என்று மட்டும் சொல்லவில்லை.

முதல் குழுக் கூட்டம் நவம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை. காலை பத்தரை மணி. எட்டு ஆண்களும் வழக்கமான இடங்களில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது நாற்காலி சுவரோரமாகத் தள்ளிக் கிடந்தது. பாவாயி அதைத் தூக்கிவந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. அவருக்கும் ஒரு டம்ளர் வைத்தார்கள்.

வரவேற்பு முடிந்ததும் பொருள் ஒன்று என்று நான் படித்தேன். காலைப் பால் எடுக்கும் நேரத்தை ஆறே முக்கால் வரை நீட்டிப்பது குறித்து. கொண்டுவருபவர், இயக்குநர் பாவாயி.

சின்னுசாமி விரலை உயர்த்தினார். "பொருளு சேக்கறதுக்கு ஏழு நாளைக்கு முன்னாடி எழுத்துல நோட்டீசு குடுத்திருக்கோணுமுங்க. துணைவிதி இருபத்திரெண்டு."

"ஒம்பது நாளைக்கு முன்னாடி குடுத்தேனுங்க," என்றார் பாவாயி. "செகட்ரிகிட்ட இருக்குது. நீங்க போன மாசம் பேசுனதுல இருந்து நானும் அந்தப் புஸ்தகத்தைப் படிக்கறேன். நல்லாத்தான் இருக்குது."

நான் நோட்டீசை எடுத்து மேசையில் வைத்தேன். சின்னுசாமி தேதியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தன்னைப் போல விதி படிக்கிற இன்னொரு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

மருதாசலம் என்னிடம் கேட்டார். "நெசமாலுமே வண்டி ஏழேகாலுக்குத்தான் வருதா?"

"ரெண்டு வருசமா அப்படித்தானுங்க."

"அப்பறம் எதுக்குய்யா ஆறு மணிக்குச் சாத்தற?"

"நீங்க போட்ட தீர்மானமுங்க."

ஒருவர் டீயைக் குடிக்கும்போது சிரித்துப் புரையேறி இருமினார். பாவாயி விவரம் சொன்னார். போன மாதம் எந்தெந்த நாளில் எத்தனை பேர் பால் திரும்பிப் போனது, அதில் கன்று போட்ட எருமைகள் எத்தனை, வீட்டில் வேறு ஆள் இல்லாத பெண்கள் எத்தனை பேர் என்று தாளைப் பார்க்காமலே சொன்னார். கைலாசம்தான் முதலில் கையைத் தூக்கினார். அவர் இந்த முறை புதிதாக வந்தவர். பிறகு ஒவ்வொன்றாக ஆறு கைகள் ஏறின. சின்னுசாமி கடைசியாகத் தூக்கினார். ஒருவர் மட்டும் நடுநிலை என்றார். தீர்மானம் நிறைவேறியது. நாளை காலையிலிருந்து அமல் என்று எழுதினேன்.

மருதாசலம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அவ்வளவுதானே? எந்திரிக்கலாமா?"

"இல்லீங்க," என்றார் பாவாயி. "ரெண்டாம் பொருளு இருக்குது. மாட்டு டாக்டரு புதங்கெழமை மத்தியானம் வாராரு. அந்நேரத்துக்கு நாங்க ஆரும் ஊட்டுல இருக்கறதில்லை. மாட்டை ஆரு புடிச்சுக்கிட்டு நிக்கறது? அதைப் பத்திப் பேசோணும்."

வாசலில் மருதாசலத்தின் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. ராசிபுரம் பக்கம் ரிக் வேலை இருக்கிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி என்ஜினை அணைக்கச் சொன்னார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றார்.